ஏழு பருவங்களின் தோட்டக்காரர்

குளிர்காலம் தொடங்கும்போது கறிவேப்பிலைச் சாடியை வீட்டுக்குள் எடுத்து வைக்கிறோம். வெளியே விட்டால் செடி பட்டுப்போகும். ஆனால் சில செடிகள் பனியிலும் வெளியிலேயே நிற்கும். இலையும் தண்டும் காய்ந்தாலும், மண்ணுக்குள் வேர் உயிரோடு இருக்கும். வசந்தத்தில் மறுபடி முளைக்கும். இவை பல்லாண்டுச் செடிகள்.

இந்தச் செடிகளை வளர்ப்பதிலும் அவற்றைப் பற்றி எழுதுவதிலும் வாழ்நாளைச் செலவிட்டவர் கார்ல் ஃபோர்ஸ்டர். இவர் 1874 இல் பேர்லினில் பிறந்தார். அப்பா வானியல் அறிஞர். அப்பா வானத்தை ஆராய்ந்தார். மகன் மண்ணில் இறங்கினார்! 1903 இல் பெற்றோரின் காணியில் பூக்கன்றுப் பண்ணை தொடங்கினார். பிறகு பொட்ஸ்டாமுக்கு அருகே போர்னிம் என்ற இடத்துக்குப் போனார்.

அந்தக் காலத்தில் பணக்காரர்களின் தோட்டங்களில் என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணாடி வீட்டில் வளர்த்த பூக்கன்றுகளை ஒவ்வொரு வருடமும் புதிதாக நட்டார்கள். அதற்கு நிறையக் காசு வேணும், ஆட்களும் வேணும். சாதாரண மக்கள் என்ன செய்வார்கள்?

ஃபோர்ஸ்டர் அவர்களையும் நினைத்தார். "இந்தச் செடி குளிரைத் தாங்குமா? காற்றடித்தால் சாயுமா? நோய் வருமா?" என்று பல வருடங்கள் கவனித்தார். பலவீனமானவற்றை விலக்கினார். இப்படி 300 க்கும் மேற்பட்ட புதிய வகைகளை உருவாக்கினார். அவற்றை ஒருமுறை நட்டால் போதும், வருடாவருடம் பூக்கும்.

"வருடத்துக்கு நான்கு பருவங்கள்தானே?" என்று கேட்பீர்கள். ஃபோர்ஸ்டர் ஏழு என்றார்! முன்வசந்தம், வசந்தம், முன்கோடை, நடுக்கோடை, இலையுதிர்காலம், பின் இலையுதிர்காலம், குளிர்காலம். ஏழிலும் தோட்டம் அழகாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

குளிர்காலத்தில் பூவுக்கு எங்கே போவது? அதற்குப் புல் உதவியது. "புல்லா? பிடுங்கி எறியுங்கோ!" என்று பலர் சொல்வார்கள். அவரோ உயரமான புற்களைப் பூக்களுக்கு நடுவே நட்டார். காய்ந்த புல்லில் உறைபனி படிந்தால் அதுவும் அழகுதான்! ஒரு புல்வகைக்கு அவருடைய பெயரே உண்டு. அமெரிக்காவில் 2001 ஆம் ஆண்டின் பல்லாண்டுச் செடியாக அதைத் தெரிவு செய்தார்கள்.

இன்று தொலைக்காட்சியில் தோட்டக்கலை பார்க்கிறோம். அன்று அந்த வசதி இல்லை. அதனால் ஃபோர்ஸ்டர் புத்தகங்கள் எழுதினார். 1920 இல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு தோட்ட இதழையும் தொடங்கினார்.

அவருடைய யோசனையால் பொட்ஸ்டாமின் நட்புத் தீவில், மக்கள் செடிகளைப் பார்த்து அறிய ஒரு தோட்டம் அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் அது அழிந்தது. பிறகு மீண்டும் அமைத்தார்கள். ஃபோர்ஸ்டர் 1970 இல், 96 வயதில் காலமானார். போர்னிமில் உள்ள அவருடைய தோட்டத்தையும் நட்புத் தீவையும் இன்றும் போய்ப் பார்க்கலாம்.

புதிய சொற்கள்
காணி – நிலம்
பட்டுப்போதல் – செடி காய்ந்து சாதல்
உறைபனி – குளிரில் உறைந்து படியும் பனி

செய்து பாருங்கள்
குளிர்காலத்திலும் வெளியே நிற்கும் ஒரு செடியைத் தேடுங்கள். வாரம் ஒருமுறை பார்த்து, என்ன மாறியது என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள்.