கேரம்: குறியைவிடப் பெரிது கணக்கு

தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில், வேலை முடிந்த மாலைகளில் கேரம் பலகையைச் சூழ்ந்து நிற்போரைக் காண்கிறேன். குறி தவறாது அடிப்பவரே நல்ல ஆட்டக்காரர் என்பது பொது எண்ணம். அது பாதி உண்மையே.

வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. சிவப்பைக் குழியில் போட்டால் மட்டும் போதாது. தொடர்ந்து தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். தவறினால் சிவப்பு நடுவட்டத்துக்கே திரும்பிவிடும். எனவே, அடுத்த காய்க்கு வழியிருப்பதை உறுதிசெய்த பிறகே தேர்ந்தவர் சிவப்பைத் தொடுவார். போட வாய்ப்பில்லாதபோது எதிராளியின் வழியை அடைப்பார்.

வெட்டிப் பொழுதுபோக்கு என இகழ்வோர், உலகச் சாம்பியனாகி 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்ற சென்னையின் மரிய இருதயத்தை நினைக்கட்டும். கைத்திறன் தெருவிலும் வாய்க்கும். பொறுமையும் கணக்கும் முறையான பயிற்சியிலேயே முதிரும். அப்பயிற்சி ஆம்பூர் இளைஞர்களுக்கும் எட்ட வேண்டும் என்பதே என் கருத்து.