எஞ்சின் பிளாக்கை அளத்தலும் பொதுச்சொற்களின் பொருளும்

தொழில்நுட்பக் கையேடுகளைத் தமிழாக்குவோர் கருவிப் பெயர்களைக் குறித்தே பெரிதும் கவலை கொள்கின்றனர். ஆயின் 'மைக்ரோமீட்டர்' என்பதை ஒலிபெயர்ப்பினும் மொழிபெயர்ப்பினும் பட்டறையில் தீங்கு நேர்வதில்லை. எளியனவாகத் தோன்றும் பொதுச்சொற்களே பிழைக்கு இடந்தருகின்றன. பழைய எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கையில் அதன் பிளாக்கைத் தூய்மை செய்து, சோதித்து, அளக்கும் பணியைக் கொண்டு இதனை விளக்கலாம்.

1. தேய்மானம்

சிலிண்டரின் உட்சுவர் எங்கும் ஒரே அளவில் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் அழுத்தமும் வெப்பமும் மிகுதி. எண்ணெய்ப் படலம் மெல்லியது. ஆகவே அங்குத் தேய்வு மிகுகின்றது. மேலும், பிஸ்டன் கிராங்க் அச்சுக்குக் குறுக்கான திசையில் சுவரை அழுத்துவதால் வட்டம் நீள்வட்டமாகின்றது. இவற்றை அறிய மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில், அச்சின் போக்கிலும் அதற்குக் குறுக்காகவும் ஆறு அளவுகள் எடுக்கப்படுகின்றன.

75.00 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் மேல்மட்டக் குறுக்களவு 75.14, அதே மட்டத்தில் அச்சுப்போக்களவு 75.08, கீழ்மட்டக் குறுக்களவு 75.03 எனக் கொள்வோம். நீள்வட்டமை 0.06, கூம்புமை 0.11, மூல அளவினின்றும் மிகுதி 0.14. பட்டறையில் முதலிரண்டும் 'ஓவல்', 'டேப்பர்' என வேறுபடுத்தப்படுகின்றன. கையேடு இவற்றிற்குத் தனித்தனி வரம்பு விதித்திருக்க, மூன்றையும் 'தேய்மானம்' என்று பெயர்த்தால் எவ்வரம்பு எதற்குரியது என்பது புலனாகாது.

2. தூய்மை

சோதனைக்கு முன் செய்யும் தூய்மை எண்ணெய்ப் பிசுக்கையும் கரியையும் நீக்கி விரிசலைக் காணச் செய்வது. ஓனிங் செய்தபின் செய்யும் தூய்மை, தேய்கல்லின் துகளை நீக்குவது. இதற்கு மண்ணெண்ணெய் போதாது. வெந்நீரும் சோப்பும் இட்டுத் தூரிகையால் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறை படியாத வரை துடைத்து, துருவேறாதபடி உடனே எண்ணெய் பூசுதல் வேண்டும். துகள் எஞ்சின் புதிய ரிங்குகள் விரைவில் தேய்ந்தழியும்.

'கிளீன் அப்' என்னும் ஆங்கில வழக்கோ முற்றிலும் வேறானது. 0.25 மி.மீ. மிகையளவில் சிலிண்டர் 'கிளீன் அப்' ஆகும் எனின், அவ்வளவிற்குக் கடைந்தால் தேய்வுத் தடம் முழுதும் மறையும் என்பதே பொருள். 'தூய்மையாகும்' என்று பெயர்ப்பின் கடைசல் வேலை கழுவும் வேலையாகிவிடும்.

3. போர்

தமிழில் 'போர்' என்பது சமரையும் வைக்கோற் குவியலையும் குறிக்கும். கடன்சொல்லாக ஆழ்துளைக் கிணற்றையும் சிலிண்டரின் உள்விட்டத்தையும் குறிக்கும். சூழலால் மயக்கம் நீங்குகின்றது. ஆயின் 'ரீபோர்' என்பதற்கு 'மறுதுளையிடல்' எனல் பொருந்தாது. ஆங்கே புதிய துளை இடப்படுவதில்லை; உள்ள துளையே அகலப்படுத்தப்படுகின்றது. 'விட்டம் பெருக்கல்' எனின் செயல் விளங்கும்.

ஆகவே சொல்லாக்கத்திற்கு முன் மொழிபெயர்ப்பாளர் வினவ வேண்டியது, மூலச்சொல்லின் அகராதிப் பொருள் யாது என்பது மட்டுமன்று. அச்சொல்லைக் கொண்டு தொழிலாளி எதனை முடிவு செய்கின்றார் என்பதுமாகும். இருவேறு முடிவுகளுக்கு இருவேறு சொற்கள் வேண்டும்.