வலையைச் சுருட்டி வைத்தார்கள்... காணாமல் போன மீன் திரும்பி வந்தது!

மீன் பிடிக்கும் நாள் எப்போது வரும் என்று ஒரு மாநிலமே காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

அமெரிக்காவின் வடக்கு எல்லையில், கனடாவை ஒட்டி இருக்கிறது மின்னசோட்டா மாநிலம். "பத்தாயிரம் ஏரிகள்" என்று கார் நம்பர் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அது அடக்கமாகச் சொன்ன கணக்கு. பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11 ஆயிரத்து 842 இருக்கிறது!

குளிர்காலத்தில் இந்த ஏரிகள் எல்லாம் கல்லாக உறைந்து போகும். ஐஸ் மேலேயே காரை ஓட்டிக்கொண்டு போவார்கள். ஏப்ரலில் ஐஸ் உடையும். மே மாதம் நடுவில் ஒரு சனிக்கிழமை. இரவு மணி 12 அடித்தது என்றால் சீசன் ஆரம்பம்! அந்த நேரத்துக்கே படகில் போய் உட்கார்ந்து கொள்கிறவர்கள் உண்டு. கவர்னரும் தூண்டிலோடு வந்துவிடுவார். 1948-ம் ஆண்டில் இருந்து இது அங்கே வழக்கம். (கவர்னருக்கு மீன் சிக்கியதா, இல்லையா என்பது மறுநாள் பேப்பரில் செய்தி!)

இத்தனை ஆர்ப்பாட்டமும் ஒரே ஒரு மீனுக்காக. அதன் பெயர் வாலாய்.

கண்ணாடிக் கண்

வாலாய் மீன் பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் அழகு கிடையாது. மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பு. வாய் நிறைய கூர்ப்பல். ஆனால் கண்ணைப் பார்த்தால் யாரும் மறக்க மாட்டார்கள். வெள்ளை வெளேர் என்று, கண்ணாடிக் கோலி மாதிரி இருக்கும். ராத்திரி டார்ச் அடித்தால் பூனைக் கண் போலப் பளிச்சென்று மின்னும்.

கண்ணுக்குள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதுதான் காரணம். இருட்டிலும் கலங்கல் தண்ணீரிலும் மற்ற மீன்கள் தடுமாறும்போது வாலாய்க்கு மட்டும் நன்றாகத் தெரியும். அதனால் பட்டப்பகலில் ஆழத்தில் பதுங்கிக்கொண்டு, அந்தி சாய்ந்ததும் வேட்டைக்கு வரும். கண் தெரியாமல் திணறும் சின்ன மீன்களை 'லபக்' என்று விழுங்கும்.

இது தெரிந்தவர்கள் கோடையில் உச்சி வெயிலில் படகை எடுக்க மாட்டார்கள். விடியற்காலை, இல்லாவிட்டால் பொழுது சாயும் நேரம். வெயில் நேரத்தில் போகவேண்டும் என்றால் காற்று அடித்து ஏரி சிலுசிலுவென்று அலை புரளும் நாளாகப் பார்த்துப் போவார்கள். அலை இருந்தால் வெளிச்சம் உள்ளே இறங்காது அல்லவா?

இரைக்கு என்ன தெரியுமா? அட்டை! ஆமாம், ரத்தம் உறிஞ்சுமே, அந்த ஜாதிதான். கடையில் டஜன் கணக்கில் வாங்கி, ஈரத்தோடு டப்பாவில் வைத்துக்கொள்கிறார்கள். உருண்டு ஓடும் ஈயக்குண்டு, அதற்குக் கீழே ஒரு முழத்துக்கு மேல் நரம்பு, அதன் நுனியில் சின்ன கொக்கி, கொக்கியில் நெளியும் அட்டை. படகை மெதுவாக நகரவிட்டு, இதைத் தரையோடு இழுத்துக்கொண்டே போகவேண்டும். வாலாய் முரட்டுத்தனமாக இழுக்காது. ஈரத்துணி மாட்டிய மாதிரி கொஞ்சம் கனக்கும். அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிப்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

முள் குறைவு. வெள்ளைச் சதை. கவிச்சி வாடையே இருக்காது. கரையிலேயே அடுப்பு மூட்டி, மாவில் புரட்டி, மொறுமொறு என்று பொரித்துச் சாப்பிடுவார்கள். 1965-ல் இதை மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள். 1979-ல் கனடா எல்லையோரம் சீகல் ஆற்றில் ஏறக்குறைய 8 கிலோ எடையுள்ள வாலாய் ஒன்று மாட்டியது. அதுதான் அந்த மாநிலத்தில் ரிக்கார்டு.

வாணலி மீன்

வாலாய் பெரிய மனிதர் என்றால், சாமானியர்களின் மீன் வேறு இருக்கிறது. புளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச் என்று பல வகை. எல்லாவற்றுக்கும் சேர்த்து 'பான்பிஷ்' என்று பெயர். முழுசாக வாணலியில் அடங்கும் அளவு. அதனால் அந்தப் பெயர்.

இதற்குப் படகு தேவை இல்லை. ஒரு கழி, ஒரு தக்கை, ஒரு மண்புழு இருந்தால் போதும். படித்துறையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தக்கை முங்குகிறதா என்று பார்க்கவேண்டியதுதான். அங்கே பிறந்த குழந்தைகள் பெரும்பாலும் முதல் மீனாகப் பிடிப்பது புளூகில்தான்.

இந்தப் புளூகில் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஜூன் மாதம் ஆண் மீன் வாலால் மணலைத் தள்ளிப் பள்ளம் பறித்து, முட்டைக்குக் காவல் இருக்கும். கிட்டே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். தூண்டிலையும்தான்! அதனால் பெரிய ஆண் மீன்களை அந்த நேரத்தில் சுலபமாக அள்ளிவிடலாம். அள்ளினால் என்ன ஆகும்? போட்டிக்குப் பெரியவர்கள் இல்லாததால் சின்னப் பயல்கள் வளருவதை விட்டுவிட்டு, பிஞ்சிலேயே பழுத்துக் குடும்பம் நடத்தக் கிளம்பிவிடும். கொஞ்ச வருஷத்தில் ஏரி முழுக்க உள்ளங்கை அளவு மீனாகவே இருக்கும். இதனால்தான் இப்போது பல ஏரிகளில் ஒருவர் வைத்துக்கொள்ளும் புளூகில் எண்ணிக்கையை சர்க்கார் வெகுவாகக் குறைத்திருக்கிறது.

எண்ணாமல் அள்ளினால் என்ன நடக்கும் என்பதை மாநிலம் முழுவதும் கண்ணால் பார்த்தது ஒரு பெரிய ஏரியில்.

ரெட் லேக் கதை

ரெட் லேக் என்றால் சிவப்பு ஏரி. மேல் ஏரி, கீழ் ஏரி என்று இரண்டு பகுதி. இரண்டும் சேர்ந்து 2 லட்சத்து 80 ஆயிரம் ஏக்கருக்கு மேல். முழுவதும் மின்னசோட்டாவுக்குள்ளேயே இருக்கும் ஏரிகளில் இதுதான் பெரியது. அதைச் சுற்றி வாழ்கிறவர்கள் ஓஜிப்வே பழங்குடி மக்கள். வாலாய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஓகா'.

கீழ் ஏரி முழுவதும், மேல் ஏரியில் பெரும் பகுதியும் பழங்குடியினர் கையில். மேல் ஏரியின் கிழக்கே 48 ஆயிரம் ஏக்கர் மட்டும் மாநில சர்க்காரிடம். 1889-ம் ஆண்டு ஒப்பந்தத்தை ஒட்டிப் போட்ட கோடு அது. "ஏரி முழுவதும் எங்களுடையது" என்பது பழங்குடியினரின் வாதம். தண்ணீரில் போட்ட கோடு மீனுக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்து கொண்டிருந்தது.

முதல் உலகப் போர் நேரத்தில் உணவுத் தட்டுப்பாடு. 1917-ல் இந்த ஏரி மீனை வெளியூருக்கு அனுப்ப மாநில சர்க்காரே ஏற்பாடு செய்தது. 1929-ல் பழங்குடி மீனவர்கள் கூட்டுறவு சங்கம் அமைத்துத் தாங்களே தொழிலை எடுத்து நடத்தினார்கள். பல குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது அந்த வலையால்தான்.

வலை ஒரு பக்கம். மாநிலப் பகுதியில் தூண்டில்காரர்கள் ஒரு பக்கம். இது போதாதென்று கணக்கில் வராமல் கள்ளத்தனமாக விற்பனை வேறு. பெரிய மீன் எல்லாம் போய்விட்டால் முட்டை இட யார் இருக்கிறார்கள்? 1990-களின் நடுவில் வாலாய் அடியோடு அற்றுப்போகும் நிலை. போட்ட வலை வெறும் வலையாகவே வந்தது.

1997-ல்தான் அந்தத் திருப்பம். மீனவர் சங்கத்தாரே கூடி, "இனி வலை போடுவதில்லை" என்று முடிவு எடுத்தார்கள். கோர்ட்டு உத்தரவு இல்லை. போலீஸ் வரவில்லை. சோறு போட்ட தொழிலை அவர்களே நிறுத்தினார்கள். சும்மா சொல்லக்கூடாது, இது லேசான காரியம் அல்ல!

அடுத்து 1999-ல் பழங்குடி நிர்வாகம், மாநில சர்க்கார், மத்திய சர்க்காரின் பழங்குடி விவகார அலுவலகம் மூன்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு வாலாய்கூட எடுக்கக்கூடாது என்று தடை. ஏரியில் குஞ்சு விடும் வேலையும் தொடங்கியது. 1999, 2001, 2003 என்று மூன்று தடவை. மொத்தம் 10 கோடிக்கும் மேல்! ஒவ்வொரு குஞ்சும் கொசு அளவுதான் இருக்கும். பின்னால் பிடிபடும் மீன் 'விட்டதா, தானே பிறந்ததா' என்று தெரியவேண்டும் அல்லவா? அதற்காக மருந்துக் கரைசலில் முக்கி எடுத்து, காது எலும்பில் அடையாளம் பதியும்படி செய்தார்கள்.

இடையில் வந்த விருந்தாளி

வாலாய் இல்லாத அந்த வருஷங்களில் ஏரி காலியாக இருந்ததா என்றால், அதுதான் இல்லை. முன்பு கொஞ்சமாக இருந்த கிராப்பி திடீரென்று பெருகியது. தின்ன ஆள் இல்லை, போட்டிக்கும் ஆள் இல்லை. வாணலியில் அடங்காத வாணலி மீன்! விஷயம் பரவியதும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். முக்கியமாகக் குளிர்காலத்தில், ஐஸில் துளை போட்டு.

கரையில் இருக்கும் வாஸ்கிஷ் என்ற சிற்றூரில் வாலாய் போனதால் விடுதிகள் மூடிக்கிடந்தன. பிழைத்திருந்த சிலருக்குக் கை கொடுத்தது இந்தக் கிராப்பிதான். ஆனால் எல்லோருக்கும் தெரியும், இது நிலைக்காது என்று. வாலாய் திரும்ப வந்தால் கிராப்பி குறையும். அப்படியேதான் நடந்தது.

2006 மே மாதம் தடை நீங்கியது. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். விட்ட குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட்டு, பிறகு குஞ்சு விடவேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. முதல் நாளே மாநிலப் பகுதியில் படகுகள் மொய்த்தன. ஆளுக்கு 2 மீன்தான் என்று கட்டுப்பாடு. முட்டையிடும் வயதில் உள்ள நடுத்தர அளவு மீன் சிக்கினால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடவேண்டும். பழங்குடியினரும் மீன் தொழிலைத் திரும்ப ஆரம்பித்தார்கள். முதலில் வலை போடவில்லை. தூண்டிலில் பிடித்தே விற்றார்கள்! எவ்வளவு எடுக்கலாம் என்பதை இரு தரப்பு நிபுணர்களும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள்.

இன்னொரு ஏரியில் சண்டை

எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாக முடியவில்லை. மாநிலத்தின் நடுவே மில் லாக்ஸ் என்று ஒரு ஏரி. ஒரு லட்சத்து 30 ஆயிரம் ஏக்கர். வாலாய்க்குப் பேர்போனது. கரையோரம் கேரிசன் என்ற ஊரில் பிரம்மாண்டமான வாலாய் சிலையே வைத்திருக்கிறார்கள்.

1837-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்த ஓஜிப்வே மக்கள், மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமை செல்லுமா, செல்லாதா? வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1999 மார்ச்சில் தீர்ப்பு: செல்லும்! ஐந்து நீதிபதிகள் அந்தப் பக்கம், நாலு பேர் இந்தப் பக்கம். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்.

அதன் பிறகு மீன் குறையும்போதெல்லாம் "வலைதான் காரணம்" என்று ஒரு கூச்சல். 2015 ஆகஸ்டில் சீசன் நடுவிலேயே வாலாய் பிடிப்பதை சர்க்கார் நிறுத்தியதும் விடுதிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். கோடை வியாபாரம் பாதியில் போனால் கோபம் வராதா? நியாயம்தான். ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதையும் கேட்கவேண்டும். முட்டை பொரிகிறது, குஞ்சு வருகிறது, வளர்ந்து ஆளாவதற்குள் செத்துப்போகிறது என்பது அவர்கள் கண்டது. வலை போட்டதால் மட்டும் இப்படி ஆகாது.

அவர்கள் விரல் நீட்டுவது ஒரு சிப்பியை நோக்கி. வரிக்குதிரைச் சிப்பி என்று பெயர். நகத்தளவுதான் இருக்கும். வெளிநாட்டில் இருந்து கப்பல் தண்ணீரோடு வந்து சேர்ந்தது. மில் லாக்ஸில் 2005-ல் முதலில் கண்டார்கள். இது தண்ணீரை வடிகட்டி வடிகட்டிக் குடிக்கும். தண்ணீர் கண்ணாடி போல ஆகிவிடும். பார்க்க அழகுதான். ஆனால் குஞ்சுகளுக்குத் தீனியாக வேண்டிய நுண்ணுயிர்களை அது தின்றுவிடுகிறது. கலங்கல் தண்ணீரில் ராஜாவாக இருந்த வாலாய்க்குத் தெளிந்த தண்ணீரில் வெளிச்சம் கூசுகிறது. பதுங்கும் இடம் சுருங்குகிறது.

2019-ல் அந்தச் சிப்பியின் குஞ்சு, அரும்பாடு பட்டு மீட்ட ரெட் லேக்கின் மேல் ஏரியிலும் இருப்பது தெரியவந்தது.

படகின் அடியில் தேங்கும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும், சிப்பிக் குஞ்சு ஏரி விட்டு ஏரி போக. அதனால் மின்னசோட்டாவில் இப்போது சட்டம். ஏரியை விட்டுப் படகைக் கரையேற்றியதும் அடித்தக்கையைப் பிடுங்கித் தண்ணீரை வடிக்கவேண்டும். ஒட்டியிருக்கும் பாசியைக் கழிக்கவேண்டும். தக்கையைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் ரோட்டில் போகவேண்டும். பல படகுத்துறைகளில் சோதனை செய்ய ஆள் நிற்கிறார்கள். பெட்டியில் மீன் இருக்கிறதா என்று அவர்கள் முதலில் கேட்பதில்லை. குனிந்து படகின் அடியைத்தான் பார்க்கிறார்கள்.