தேனீ வளர்ப்போரும் இலையுதிர் காலமும்

இலையுதிர் காலம் என்றதும் நாட்காட்டிப் படங்களில் கண்ட பொன்னிற மரங்களே நமக்கு நினைவு வரும். ஆனால் இங்கிலாந்தில் தேனீ வளர்ப்பவர்களுக்குச் செப்டெம்பர் மாதம் கவலையோடுதான் பிறக்கிறது. தேனெல்லாம் எடுத்து முடித்தவர்களுக்கு என்ன கவலை? உயிரியல் பிரிவில் படிப்பவள் என்பதால் இதைத் தேடி வாசித்தேன்.

குளிர்காலத்தில் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. திறந்தால் உள்ளே தேனீக்கள் காத்து வைத்திருக்கும் வெப்பம் வெளியேறிவிடும். ஆகவே ஒரு கூட்டம் மார்ச் மாதத்தைக் காணுமா என்பது பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே முடிவாகிவிடுகிறது.

என்னை மிகவும் வியக்க வைத்தது தேனீயின் ஆயுள்தான். கோடையில் பிறக்கும் வேலையாள் தேனீ ஏறத்தாழ ஆறு வாரங்களே வாழ்கிறது. அதே இராணியின் முட்டையிலிருந்து இலையுதிர் காலத்தில் வரும் தேனீயோ ஆறு மாதம் வரை வாழக்கூடியது. அது தன் உடலில் கொழுப்பையும் புரதத்தையும் சேமித்துக்கொள்கிறது. குளிர் வந்ததும் ஆயிரக்கணக்கான தேனீக்கள் இராணியைச் சுற்றிப் பந்துபோல் நெருங்கி, பறக்கும் தசைகளை நடுங்கச் செய்து வெப்பம் உண்டாக்குகின்றன. அந்த வெப்பத்துக்கு எரிபொருள் தேன். அங்கே ஒரு கூட்டத்துக்கு ஏறத்தாழ 20 கிலோ தேன் தேவை என்று கணக்கிடுகிறார்கள்.

தேனை எடுத்துவிட்டுச் சீனிப்பாகு கொடுக்கிறார்கள் என்று சொன்னபோது, "அது நியாயமா மகள்?" என்று கேட்டார் உம்மா. நல்ல கேள்விதான். தேவையான தேனை விட்டுவைத்து மிஞ்சியதை மட்டும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்தால் இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று கெட்டியாகக் கரைத்து வைப்பார்கள். அதையும் குளிருக்கு முன்பே வைக்க வேண்டும். பிந்தினால் தேனீக்களால் அதை வற்றச் செய்து அறைகளில் மூடி வைக்க முடியாது.

அடுத்த கவலை வரோவா என்னும் உண்ணி. இது இளம் தேனீயை மூடிய அறைக்குள்ளேயே பிடித்து நலிவடையச் செய்கிறது. சிறகைச் சுருங்க வைக்கும் வைரசையும் பரப்புகிறது. நீண்ட நாள் வாழ வேண்டிய தேனீக்கள் நலிந்து பிறந்தால் கூட்டமே அழியும். இந்த உண்ணிக்குப் பூர்வீகம் நம் ஆசியாதான். நமது தோட்டங்களில் காணும் தேனீ இனம் அதனோடு நெடுங்காலமாக வாழ்ந்து பழகியது. ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. இங்கிலாந்தில் உண்ணி கண்டுபிடிக்கப்பட்டது 1992 இல்.

எல்லாவற்றிலும் கடினமானது, வலுவில்லாத கூட்டத்தை என்ன செய்வது என்பதுதான். தனியே விட்டால் குளிரில் இறந்துவிடும். நோயில்லாத சிறு கூட்டமென்றால் இன்னொன்றோடு சேர்ப்பார்கள். ஒரு பெட்டியின் மேல் செய்தித்தாளை விரித்து மற்றதை அதன்மேல் வைத்தால், தேனீக்கள் தாளைக் கடித்துத் துளையிடுவதற்குள் இரு பக்கத்து மணமும் கலந்துவிடும், சண்டை வராது. ஆனால் ஒரு பெட்டியில் இரண்டு இராணிகள் இருக்க முடியாது. ஒன்றை வளர்ப்பவரே தன் கையால் கொல்ல வேண்டும். கோடை முழுவதும் பார்த்துப் பார்த்து வளர்த்த இராணியாக இருந்தாலும்தான்.

முற்காலத்தில் நிலைமை இதைவிட மோசம். வைக்கோற் கூடைகளில் வளர்த்த நாட்களில், தேனெடுக்கத் தெரிந்தெடுத்த கூடைகளை இலையுதிர் காலத்தில் எரியும் கந்தகத்தின் மேல் பிடித்துத் தேனீக்களை முழுவதுமாகக் கொன்றார்கள். அமெரிக்கரான லாங்ஸ்ட்ரொத் கழற்றக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டிக்கு 1852 இல் காப்புரிமை பெற்றார். அத்தகைய பெட்டிகள் பரவிய பிறகே அந்த வழக்கம் மெல்ல மறைந்தது.

ஒக்டோபரில் ஐவிக் கொடி பூத்து ஓய்ந்ததும் வேலை குறைகிறது. எலி நுழையாதபடி வாசலில் துளைத் தகடு பொருத்துவார்கள். பெட்டியின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கிக் கைக்கு வரும் பாரத்தை வைத்தே தேனின் அளவை மதிப்பிடுவார்கள். பிறகு மாதக்கணக்கில் காத்திருப்புத்தான். பனி பெய்யும் நாட்களில் சிலர் பெட்டியின் பலகையில் காதை வைத்துக் கேட்பார்களாம், உள்ளே மெல்லிய ரீங்காரம் இருக்கிறதா என்று.