இண்டிகேட்டர் வேகமா அடிக்குதா? அடக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க

காரின் இண்டிகேட்டர் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினால் முதலில் கண்ணில் படுவது வெளிச்சம் இல்லை, வேகம். நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது படபடவென்று அடிக்கும். பட்டறையில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஒரு ரெசிஸ்டர் போட்டா சரியாயிடும் சார்." வேகம் சரியாகத்தான் செய்யும். ஆனால் கூடவே ஒரு எச்சரிக்கையும் செத்துப்போகும்.

ஏன்னு பார்ப்போம். முன்னால் ஒரு 21 வாட் பல்பு, பின்னால் ஒன்று. மொத்தம் 42 வாட். 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். ஃபிளாஷர் ரிலே இந்த மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருக்கிறது. ஒரு பல்பு ஃபியூஸ் போனால் ஓட்டம் பாதியாகும், ரிலே வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். "ஒரு விளக்கு போச்சு, இறங்கிப் பாரு" என்று டிரைவருக்குச் சொல்லும் பாஷை அது. எல்.இ.டி. இழுப்பது இரண்டு மூன்று வாட்தான். ரிலே அதைப் பல்பு போனதாகவே எடுத்துக்கொள்கிறது.

கடையில் விற்கும் ரெசிஸ்டர் பெரும்பாலும் 6 ஓம், 50 வாட். 13.5 வோல்ட்டில் அது 2.25 ஆம்பியர் இழுக்கும். எரியும் நேரத்தில் 30 வாட் சூடு. சூட்டைவிட மோசம் என்னன்னா, எல்.இ.டி. செத்தாலும் ரெசிஸ்டர் இழுத்துக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டில் அம்புக்குறி ஒழுங்காக மினுக்கும், பின்னால் இருட்டு. ஆம்பூரில் ஷூ கம்பெனி வேன்கள் திரும்பும் அதே என்.எச். 48-இல்தான் சென்னை–பெங்களூர் வண்டிகள் பறக்கின்றன. வலது இண்டிகேட்டர் போட்டு "முந்திப் போ" என்று சொல்லும் லாரிக்காரர்களும் உண்டு. ஏற்கெனவே குழப்பம், விளக்கே எரியலைன்னா என்ன ஆகும்?

அதனால் நான் வரைந்த சர்க்யூட்டுக்கு இரண்டே நிபந்தனை. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை அடிக்கணும் (ஐ.நா. வாகன விதி 48 கேட்பது இதுதான்). விளக்கு செத்தால் டிரைவருக்குத் தெரியணும்.

விளக்கு: ஆம்பர் எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 2.1 வோல்ட். மூன்று மூன்றாகத் தொடரில் 10 வரிசை. வரிசைக்கு வெறும் 390 ஓம் போட்டால் 14.4 வோல்ட்டில் 21 மில்லிஆம்பியர், 12 வோல்ட்டில் 15-க்கும் கீழே. அதற்குப் பதில் வரிசைக்கு ஒரு எல்எம்317எல், 62 ஓம். பேட்டரி எப்படி ஆடினாலும் 20 மில்லிஆம்பியர். விளக்குக்கு 200.

காவல்: ஃபிளாஷருக்குப் போகும் பிளஸ் வயரில் 2 ஓம், 1 வாட் ரெசிஸ்டர். அதன் குறுக்கே ஒரு பிசி557 டிரான்சிஸ்டரின் எமிட்டரும் பேஸும் (பேஸுக்கு 1 கிலோஓம்). இரண்டு விளக்கும் எரிந்தால் 0.8 வோல்ட், டிரான்சிஸ்டர் ஆன். ஒன்று போனால் 0.4, ஆஃப். எல்லைக்கோடு ஏறக்குறைய 0.6. சூடு ஏற ஏற அது டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும். வேலூர் மே மாத வெயிலில் நிற்கும் கார் 65 டிகிரி தொட்டாலும் 0.52தான், தப்பாகாது. 2 ஓம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இதுதான்.

கலெக்டர் சிக்னலை மின்னழுத்தம் குறைத்து ஏடிடைனி85-க்குக் கொடுக்கலாம். விளக்கு எரியும் நேரத்தில் மட்டும் பார்த்து, நல்லா இருந்தா 90, இல்லைன்னா 180 என்று அது அடிக்க வைக்கும். சின்ன ரிலே வைத்தால் டிக்டிக் சத்தமும் கிடைக்கும். ஃபெண்டரில் இருக்கும் 5 வாட் குட்டி பல்பை மறந்துடாதீங்க. அது மட்டுமே 0.4 ஆம்பியர் இழுக்கும். அதையும் மாற்றலைன்னா கணக்கே போச்சு.

ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி வயர் கழன்றால் 80 வோல்ட்டுக்கு மேல்கூட எகிறலாம். எல்எம்317எல் தாங்குவது 40. எனவே டிவிஎஸ் டயோடும் ஃபியூஸும் கட்டாயம். பின்விளக்குக்குக் குறைந்தது 50 கேண்டலா, முன்விளக்குக்கு 175 வேண்டும். அதுவும் நேரே மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் தெரியணும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் நினைவிருக்கட்டும். முதலில் மேசையில் செய்து பாருங்க. பாகங்களுக்கு ரிச்சி தெரு, இல்லைன்னா பெங்களூர் எஸ்.பி. ரோடு.

ஏற்கெனவே ரெசிஸ்டர் மாட்டினவங்களுக்கும் ஒரு சோதனை. பின்பக்க எல்.இ.டி.யை மட்டும் கழற்றிவிட்டு இண்டிகேட்டர் போடுங்க. வேகம் மாறலைன்னா, அந்த விளக்கு என்றைக்குச் செத்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.