பள்ளிக்கரணைக் கழுவெளியில் கூதிர்காலப் பறவை நோக்கல்

பள்ளிக்கரணை சதுப்புநிலம் சென்னையின் தெற்குப் பகுதியில், வங்கக் கடற்கரைக்குச் சில கிலோமீட்டர் மேற்கே உள்ளது. கழுவெளி என்பது இதன் பழைய பெயர். ஒரகடம் பகுதியிலிருந்து வருவோர் வாலாஜாபாத் சாலையில் வண்டலூரை அடைந்து, தாம்பரம்–வேளச்சேரி சாலை வழியாக இங்கு வரலாம்.

வடநாடுகளில் இலையுதிரும் பருவம் நமக்குக் கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகள் இங்கு சேரும் வேளையில்தான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. எனவே எந்தப் பறவை கண்ணில் படும் என்பதை மாதத்தைவிட நீரின் ஆழமே முடிவு செய்கிறது.

முதலில் வருபவை கரைப்பறவைகள். ஆகஸ்டு இறுதி முதல் பொறி உள்ளான் போன்றவை சேற்றில் இரை தேடுவதைக் காணலாம். மழை வலுத்ததும் நிலைமை மாறுகிறது. சுமார் 250 சதுர கி.மீ. பரப்பின் வெள்ளம் இங்கு வந்து சேர, அது பக்கிங்காம் கால்வாய்க்கு வடிய ஒக்கியம் மடுவு என்ற ஒடுங்கிய வாய்க்காலே முதன்மையான வழி. சேறு மூழ்கிவிட்டால் குட்டைக்கால் பறவைகளுக்கு இங்கு வேலையில்லை. ஓரங்களுக்கோ வேறு நீர்நிலைகளுக்கோ சென்றுவிடும். நீந்தும் வாத்துகளும் நாமக்கோழிகளும் தங்கும். அவையும் ஏரிகள் நிரம்பியதும் பல இடங்களுக்குப் பரவும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு இடையே எஞ்சியுள்ள ஏரிகளைக் கவனிக்க வேண்டியது இப்போதுதான். "இந்த ஆண்டு பறவைகளே வரவில்லை" என்று நவம்பரில் எழும் பேச்சு பெரும்பாலும் அவசர முடிவு. தை மாதத்தில் நீர் வற்றத் தொடங்கும்போது கூட்டங்கள் மீண்டும் திரளும்.

அடையாளம் காண்பதிலும் இப்பருவம் புதியவரைச் சோதிக்கும். ஆண் நீலச்சிறகி வாத்தின் வெண்புருவம் அப்போது தெளிவாக இராது. பெட்டையைப் போலவே தோன்றும். நீளவால் இலைக்கோழியோ இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தன் வாலையே இழந்துவிடுகிறது! நீலத் தாழைக்கோழி மட்டும் ஆண்டு முழுதும் ஒரே கோலத்தில் திரியும்.

முன்பு ஏறத்தாழ 50 சதுர கி.மீ. பரந்திருந்த கழுவெளி, குடியிருப்புகளாலும் பெருங்குடி குப்பைக் கிடங்காலும் சுருங்கிவிட்டது. துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை இதை ஊடறுத்துச் செல்கிறது. 2007இல் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தது. இங்கு பறவைகளைக் கணக்கெடுப்போர் எண்ணிக்கையுடன் அன்றைய நீர்மட்டத்தையும் குறிக்க வேண்டும். இல்லையெனில், நீர் ஆழமானதால் பறவை விலகியதா, நிலம் கெட்டதால் குறைந்ததா என்று பின்னாளில் பிரித்தறிய இயலாது.