வெறுமையான ஊர் மாவட்டமானது

பெரு நாட்டின் அயாகூச்சோ பகுதியில், அந்தீஸ் மலைத்தொடரில் ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரத்தில் உள்ளது உச்சுரக்காய். அங்கு வாழ்பவர்கள் கெச்சுவா மொழி பேசும் கமக்காரர். அந்தக் குளிரில் நெல் விளையாது, உருளைக்கிழங்கே உணவு. அதனை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரகற்றி, வெயிலில் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு இருந்தவர்கள் 470 பேர். 1980 இல் மூண்ட உள்நாட்டுப் போர் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1983 ஜனவரியில், கிளர்ச்சியாளர் எனத் தவறாக எண்ணி, ஊரவர் எட்டுப் பத்திரிகையாளரைக் கொன்றனர். அதன்பின் ஊர் பலமுறை தாக்கப்பட்டது. ஊரவரில் 135 பேர் கொல்லப்பட்டதாக உண்மை ஆணைக்குழு 2003 இல் பதிவுசெய்தது. 1984 நடுப்பகுதியில் ஊரே வெறுமையாயிற்று.

1993 ஒக்ரோபரில் சில குடும்பங்கள் சேர்ந்து திரும்பின. பழைய ஊர் இடிபாடாகக் கிடக்க, அருகே புதிய வீடுகளைக் கட்டினர். 2014 இல் உச்சுரக்காய் தனி மாவட்டமாயிற்று.

குடிசனக் கணக்கில் ஓர் ஊர் பூச்சியமாகலாம். எந்தச் சரிவில் எந்தக் கிழங்கு விளையும் என்று அறிந்தவர் இருக்கும்வரை அவ்வூர் அழிவதில்லை. எமது காணியின் எல்லையையும் மண்ணையும் விதையையும் பற்றி நாமும் எம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.